யாரை விட?

ஹோ, 9 பிப்ரவரி 1975

அன்புள்ள அக்கா டெலாலிக்கு,

வீட்டில் எல்லாரும் நல்லபடி எழுந்தீர்களா? அத்தான் எழுந்தாரா, இல்லை இன்னும் காய் நகர்த்துகிற பலகை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாரா? நான் எழுந்தேன், சாப்பிட்டேன், கடையைத் திறந்தேன். லாரி டிரைவர் மெஸான் துணி மூட்டைகளை நனையாமல் கொண்டுவந்து சேர்த்தான். அவனுக்கு ஒரு தட்டு வெண்டைக்காய்க் குழம்பு கடன்பட்டிருக்கிறேன்.

கடை நல்ல இடம். ஆனால் வங்கிக் கணக்கு இல்லாமல் இங்கே கம்பெனிக்காரன் துணி தரமாட்டானாம். செக் கொடுத்தால்தான் மூட்டை. எல்லையைத் தாண்டினாலும் ஜனங்கள் நம்முடைய எவே மொழிதான் பேசுகிறார்கள். காகிதங்களுக்குத்தான் வேறு வாய். லோமேயில் அவை பிரெஞ்சு பேசும், இங்கே ஆங்கிலம்.

வங்கிக்குப் போனேன். மேனேஜர் அக்ராவிலிருந்து வந்தவர், நம் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. "பாஸ்புக் எங்கே, மேடம்?" என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் லாரி ஸ்டாண்டு ஆங்கிலம். அங்கே ஒரு துணி இன்னொன்றை விட அழகு என்றால், 'ஃபைன் பாஸ்' என்பார்கள். பாஸ் என்றால் மிஞ்சுவது. நான் நிமிர்ந்து நின்று, "அது எந்தப் புத்தகத்தை மிஞ்சின புத்தகம்?" என்று கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மிளகாய் விற்கிற ஒருத்தி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஒரே ஒரு குமாஸ்தா சிரிக்கவில்லை. கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, நம் மொழியில், "நல்ல கேள்விம்மா. இத்தனை வருஷமா எங்களுக்கு யாருக்கும் தோணல" என்றார். பச்சை டை கட்டியிருந்தார். சாயங்காலங்களில் தேவாலய மண்டபத்தில் வியாபாரிகளுக்கு அவர் ஆங்கிலம் சொல்லித் தருகிறாராம். கணக்கையும் திறந்தேன், வகுப்பிலும் சேர்ந்துவிட்டேன்.

நாம் பேசி வைத்தபடியே கடையைக் கால் ஊன்ற வைத்து, ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு உன் பக்கத்து முக்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவேன். கவலைப்படாதே.

உன் தங்கை,
எஸினாம்

&nbsp;

லோமே, 23 பிப்ரவரி 1975

அன்புள்ள எஸினாமுக்கு,

நாங்கள் எழுந்தோம். உன் அத்தானும் எழுந்தார், பலகையை நிழலுக்கு நகர்த்துவதற்காக. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஹோ மலைக்காற்று ஒத்துக்கொள்கிறதா? கருவாடு அனுப்பியிருக்கிறேன். முழுவதையும் மெஸானுக்கே பொரித்துப் போட்டுவிடாதே.

வங்கியில் நீ கேட்டதைச் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டேன். துணி வரிசையில் எல்லாருக்கும் சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. புதிதாக வந்த நீல நிறத் துணிக்கு நாங்கள் 'எந்தப் புத்தகத்தை மிஞ்சினது' என்றே பேர் வைத்துவிட்டோம். நன்றாக ஓடுகிறது.

உன் முக்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. நேற்று எண்ணெய்க்கார யாவா வந்து, "காலியாத்தானே கிடக்கு, கொஞ்சம் காலை நீட்டிக்கிறேனே" என்றாள். "அது காலியில்லடி, அவ வெளியூர் போயிருக்கா, அவ்வளவுதான்" என்றேன். உன் புருஷன் காலமான நாளிலிருந்து எட்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்தே விற்றுப் பழகிவிட்டோம். இப்போது வாடிக்கைக்காரர்கள் வந்தால் விலையை நானே சொல்லி நானே குறைக்க வேண்டியிருக்கிறது. நீ வந்ததும் கடையைப் பக்கத்து இடத்துக்கும் விரிக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிசம்பரை மறக்காதே.

அக்கா

&nbsp;

ஹோ, 16 மார்ச் 1975

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? என் முழங்கால் சொன்னபடி கேட்கிறது. கருவாடு வந்தது, பாதி மெஸான் வயிற்றுக்குப் போனது. என்னைத் திட்டாதே, அவன் வழியிலேயே ஆரம்பித்துவிட்டான்.

வகுப்பு நன்றாகப் போகிறது. மிளகாய்க்காரி டோலி, ஒரு பிரசங்கி, பேக்கரிக்காரர், நான். பணம் போடுவது டெபாசிட், எடுப்பது வித்ட்ரா, மிச்சம் பேலன்ஸ். குறிப்பிட்ட காலம்வரை தொட முடியாமல் போட்டு வைப்பது ஃபிக்ஸட் டெபாசிட். "தொடவே முடியாதுன்னா அது என் பணம்னு எப்படி நம்புறது?" என்று டோலி கேட்டாள். ஆசிரியர், திரு. செலோம் ஜோகோட்டோ, அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

இந்த வாரம் ஒப்பிடுகிற பாடம். நம் மொழியில் ஒன்றை மிஞ்சினாலும் நூற்றை மிஞ்சினாலும் மிஞ்சினது மிஞ்சினதுதான், ஒரே சொல் போதும். ஆங்கிலக்காரர்கள் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்களாம். இரண்டு பேர் என்றால் பெட்டர். மூன்று, அதற்கு மேல் என்றால் பெஸ்ட். சொல் நீளமாக இருந்தால் முன்னால் மோர், மோஸ்ட். பிரசங்கி 'மோர் பெட்டர்' என்று சொல்லிவிட்டு, "ஆண்டவருக்கு ஒண்ணு கூடப் போட்டா என்ன தப்பு?" என்று சண்டை போட்டார்.

திரு. ஜோகோட்டோ கடைக்கும் வந்தார். அத்தைக்குத் துணி வேண்டுமாம். அடுத்த வாரமும் வந்தார். அந்த அத்தைக்கு நிறைய துணி வேண்டியிருக்கிறது. அவர் மனைவி இறந்து ஐந்து வருஷம் ஆகிறதாம், டோலி சொன்னாள். நான் கேட்கவில்லை. இங்கே மழை ஆரம்பிக்கப் போகிறது.

எஸினாம்

&nbsp;

லோமே, 6 ஏப்ரல் 1975

என் அன்புத் தங்கைக்கு,

நலம், நலமே அறிய ஆவல். அதெல்லாம் இருக்கட்டும்.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். பலகையை விட்டுத் தலையைத் தூக்கி, "யாரு இந்த ஜோகோட்டோ?" என்றார். மனுஷன் கலியாணத்துக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி இது. நீ கேட்காத விஷயத்தை டோலி சொன்னாள், அதை நான் கேட்காமலேயே நீ எனக்கு எழுதினாய். பிறகு மழை வருகிறது என்று பேச்சை மாற்றினாய். ஹோவில் மார்ச் மாதம் மழை வரும் என்பது எனக்குத் தெரியாதா?

நம் துணி வரிசை மரியானின் மகன் தூதரகத்தில் வேலை செய்கிறானே, அவனிடம் ஆங்கிலத்தில் வட்டிக்கு என்ன சொல் என்று கேட்டேன். இன்ட்ரஸ்ட்டாம். ஆசைக்கும் அதே சொல்லாம். அப்படியானால் அந்தப் பச்சை டைக்காரர் உனக்கு எந்த இன்ட்ரஸ்ட் கொடுக்கிறார் என்று விசாரித்து எழுது.

விளையாட்டுக்குச் சொன்னேன். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்து இடத்துக்கு முன்பணம் கேட்கிறார்கள். டிசம்பரில் நீ வருவது உறுதிதானே?

அக்கா

&nbsp;

ஹோ, 11 மே 1975

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலமா? நான் நலம் என்று எழுத நினைத்தேன், ஆனால் இன்று பொய் வரவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில் ஒவ்வொருவரும் இன்னொருவரை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். டோலி என்னைக் காட்டி, "சார், எஸினாம் அம்மாவ வச்சு நீங்க ஒண்ணு சொல்லுங்க, நாங்க கத்துக்கிறோம்" என்றாள். வேண்டுமென்றே செய்தாள், அந்தக் குறும்புக்காரி. அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு, "மேடம் எஸினாம் இஸ் மோர் பியூட்டிஃபுல்" என்றார்.

பிரசங்கிதான் விடவில்லை. "யாரை விட, சார்? வாக்கியம் முடியலையே. 'விட'ங்கிறதுக்கு 'தேன்' போட்டு ஆளைச் சொல்லணும்னு நீங்கதானே அடிச்சுச் சொன்னீங்க?" அவர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. எடுக்கக்கூட இல்லை. "இன்னைக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு மழையில் குடை இல்லாமல் போய்விட்டார்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அக்கா. ஒளிப்பானேன். வீடு வந்து கஞ்சி கிண்டும்போதுதான் உறைத்தது. மோர் என்றால் இரண்டு பேர்! மோஸ்ட் என்றிருந்தால் ஊரெல்லாம் சேர்ந்தது. மோர் என்றால் தராசில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்த மனுஷன் இலக்கணத்தில் ஒருநாளும் தவறு செய்யமாட்டார். ஆகவே ஒருத்தி இருக்கிறாள். யார் அவள்? அவர் இவ்வளவு நாள் துணி வாங்கியது அத்தைக்கா, அவளுக்கா?

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. எனக்கென்ன வந்தது, யாரை வேண்டுமானாலும் அளந்து பார்க்கட்டும்.

எஸினாம்

&nbsp;

லோமே, 18 மே 1975

எஸினாம்,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மெஸான் ஹாரன் அடிக்கிறான்.

அந்த வகுப்புக்கு இனி போகாதே! டையைக் கட்டிக்கொண்டு இரண்டு பெண்களைத் தட்டில் வைத்து நிறுக்கிறவனா? நம்மைத் தக்காளி என்று நினைத்தானா? உன்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இன்னொருத்தியையும் பார்க்க அவனுக்குக் கண் மிச்சம் இருந்ததா? அந்த இன்னொருத்தி யாராக இருந்தாலும் என் கையில் கிடைக்கட்டும், கருவாட்டுக் கூடையாலேயே அடிப்பேன். நேராகப் போய் "யாரை விட?" என்று கேட்டுவிட்டு, கணக்கை மூடிவிட்டு வா. கடையை டோலியிடம் கொடு.

டிசம்பர்வரை காத்திருக்கவே வேண்டாம். இந்த மாதமே வந்தாலும் உன் முக்காலி தயார். முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அக்கா

&nbsp;

ஹோ, 1 ஜூன் 1975

என் செல்ல அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சிரித்த முகத்தோடு எழுந்தீர்களா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தைப் பிறகு படி. கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படி.

நீ சொன்னபடி நேராகவே போய்க் கேட்டேன். வங்கி வாசலில் வைத்து மறித்தேன். "யாரை விட?" என்றேன். அவர் முகம் செம்பனைப் பழம்போல ஆனது. "கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார். "சொன்னப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"உங்க கடைச் சுவத்துல ஒரு போட்டோ இருக்கு. ரெண்டு பேர் நிக்கிறீங்க. ஒருத்தர் நீங்க, இன்னொருத்தர் உங்க அக்கான்னு சொன்னீங்க. அவங்களவிடன்னுதான் சொல்ல வந்தேன். உங்க மூத்தவங்களப் போய் எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது? அதான் ஓடிட்டேன்."

அக்கா, அந்த இன்னொருத்தி நீதான்! உன் கூடையால் நீயே அடித்துக்கொள்!

"ஏன், மோஸ்ட்னு சொன்னா உங்க வாய் வெந்துடுமா?" என்று கேட்டேன். "எல்லாரையும் பாத்தவன்தானே அத சொல்லலாம்? நான் பாத்தது அந்தப் போட்டோவத்தான். சரிபார்க்காத கணக்குல நான் கையெழுத்துப் போடுறதில்ல" என்றார். நான் அங்கேயே, வாசல் காவல்காரர் பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழிகிறது.

அது நீ தலைத்துணி கோணலாகக் கட்டியிருந்த போட்டோ. அதனால் கணக்கில் சேர்க்காதே. கோபமில்லையே? உடனே எழுது.

எஸினாம்

&nbsp;

ஹோ, 20 ஜூலை 1975

அன்புள்ள அக்காவுக்கு,

எழுந்தாயா, அக்கா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? மெஸான் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் கருவாடு வந்தது, கடிதம் வரவில்லை. "உங்க அக்கா எதுவும் சொல்லலம்மா, கூடைய நீட்டினாங்க, உள்ள போயிட்டாங்க" என்கிறான். நீ வாயைத் திறக்காமல் இருந்தாய் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

போட்டோ விஷயம் விளையாட்டுக்குத்தானே எழுதினேன். போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அவர், தன் மாமாவைக் கூட்டிக்கொண்டு லோமேக்கு வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் கேட்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "என் அக்கா தனியா உக்காந்திருக்கா, டிசம்பர்ல நான் போயிடுவேன்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, ஃபிக்ஸட் டெபாசிட்னு வச்சுக்கிறேன். காலம் வரும்வரை தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அத்தைக்கு ஒரு துணி வாங்கிக்கொண்டு போனார். ஆகவே நீ பயப்பட வேண்டியதில்லை. நான் வந்துவிடுவேன்.

மழை விட்டுவிட்டது. கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. வகுப்பில் நான்தான் முதல் மார்க்.

எஸினாம்

&nbsp;

லோமே, 17 ஆகஸ்ட் 1975

என் கண்ணே எஸினாம்,

நான் எழுந்தேன். உடம்பு கல் மாதிரி இருக்கிறது. நீ போட்டோவைத் திரும்ப மாட்டு.

நான் கோபித்தது போட்டோவுக்கு இல்லையடி. உன்னைவிட நான் அழகு குறைவு என்பது ஊருக்கே தெரியும், அத்தானுக்கு மட்டும் தெரியாது, அவர் பலகையைத்தான் பார்க்கிறார். அந்தப் பச்சை டைக்காரருக்குக் கன்னம் ஒரு பக்கம் குழிகிறது என்று எழுதினாயே, அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நீ வரமாட்டாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் 'வா' என்று எழுத மனசு வரவில்லை, 'வராதே' என்று எழுதவும் வரவில்லை. அதனால் கருவாடு அனுப்பினேன்.

பிறகு வேண்டாம் என்று சொன்னதாக எழுதினாய். அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முக்காலியில் தலையைச் சாய்த்து அழுதேன். எனக்காக நீ அந்தக் கன்னக் குழியை விட்டுவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தால், அந்த முகத்தை நான் தினமும் எப்படிப் பார்ப்பேன்?

ஆகவே திட்டாதே. போன சந்தை நாளில் மெஸான் லாரியில் ஏறி ஹோவுக்கு வந்தேன். உன் கடைப் பக்கம் வரவில்லை. தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டு வங்கியில் போய் நின்றேன். பச்சை டையைக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை.

"தம்பி, எந்தக் கணக்கு நல்லது?" என்று கேட்டேன்.

"யாருக்கும்மா? நீங்க ஒருத்தரா, சேந்து போடுறீங்களா?"

"சேந்து போட்டா?"

"அதுக்கு ஜாயின்ட் அக்கவுண்ட்னு பேரு. ரெண்டு பேர்ல யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். ஆனா ஒருத்தர ஒருத்தர் நம்பணும். நம்பிக்கை இல்லன்னா நான் திறக்க விடமாட்டேன்."

"உன் மேனேஜர் திட்டமாட்டாரா?"

"திட்டுவாரும்மா. திட்டிட்டுத்தான் இருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "துணி வாங்கணும். இந்த ஊர்லயே நல்ல துணிக்கடை எது?" என்றேன். மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்குத் தெரியாதும்மா, நான் ஒரே கடையிலதான் வாங்கியிருக்கேன்." சொல்லும்போது அந்தக் கன்னம் குழிந்தது. நான் பார்த்துவிட்டேன்.

நானும் வாய் சர்க்கரையாகப் பேசுகிற ஆம்பளைகளை நிறையப் பார்த்தவள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவன் ஒருவனை இப்போதுதான் பார்க்கிறேன். வங்கி வாசலை விட்டதிலிருந்து லாரியில் வீடு வந்து சேரும்வரை பாடிக்கொண்டே வந்தேன். மெஸானைக் கேட்டுப் பார், காது வலி என்பான்.

மரியானின் இளைய மகளைக் கடைக்கு வைத்துவிட்டேன். உளறுகிறாள், ஆனால் விலை குறைக்கத் தெரியாது, அது நல்லதுதான். மாதம் ஒருமுறை நான் அங்கே வருவேன், அல்லது நீ இங்கே வா. எல்லை என்ன, ஒரு மூங்கில் கம்பும் தூங்குகிற சிப்பாயும்தானே?

மாமாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல். கதவைத் தட்டட்டும்.

அக்கா

&nbsp;

லோமே, 5 அக்டோபர் 1975

எஸினாம்,

எல்லாரும் எழுந்தோம், குளித்தோம், நல்ல துணி உடுத்தினோம். இந்தக் கடிதத்தை நடுக்கூடத்திலிருந்தே எழுதுகிறேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெண் முன்னால் வராமல் இருப்பதுதான் முறை என்று நீ ஹோவிலேயே உட்கார்ந்துவிட்டாய். உனக்கென்ன, இங்கே பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

உன்னவரும் அவர் மாமாவும் காலையில் வந்தார்கள். மாமாவுக்குக் காது மந்தம். "பூ பறிக்க வந்திருக்கோம்" என்று முறைப்படி சொன்னார். நம் பெரியப்பா, "எந்தப் பூ?" என்று கேட்க, "ஆமா, வழியில சாப்பிட்டோம்" என்றார். அவ்வளவுதான், கூடமே சிரித்து உருண்டது.

உன்னவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா, நீங்க ஜாயின்ட் அக்கவுண்ட் கேட்டவங்கதானே?"

"ஆமா, எஸினாமோட அக்காவும்கூட. உக்காருங்க. போட்டோவுல இருக்குற அந்த இன்னொருத்தி நான்தான். இப்ப நேர்ல பாத்துட்டீங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, உங்க கணக்கு மாறுதா?"

அவர் நன்றாக யோசித்தார். யோசித்தார், அக்கிரமக்காரர்! பிறகு, "மாறலம்மா. ஆனா அன்னைக்கு லாரி ஸ்டாண்டு வரைக்கும் கேட்ட பாட்டுக் குரல் உங்களுதுதான்னா, அதுல யாரும் உங்கள மிஞ்ச முடியாது" என்றார். பெரியம்மாக்கள் கைதட்டினார்கள். அத்தான் பலகையை மூடிவிட்டு எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். அவரிடம் காய் நகர்த்தத் தெரியுமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தார் போல.

அவர்கள் கொண்டுவந்த இரண்டு சாராயப் பாட்டில்கள் மேசைமேல் இருக்கின்றன. முறை உனக்குத் தெரியும். திறந்தால் சம்மதம் என்று அர்த்தம், பெண்ணைக் கேட்காமல் மூடியைத் தொடக்கூடாது. பெரியப்பா என்னிடம், "தங்கச்சி என்ன சொன்னா?" என்று கேட்டார். உன் கடிதங்களை எல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய். கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். கன்னக் குழியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர் வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லையடி! நான் எதை வைத்துப் பதில் சொல்வேன்?

மெஸான் லாரியை அணைக்காமல் வாசலில் நிற்கிறான். உன் பதில் வரும்வரை விருந்தாளிகள் நம் வீட்டில்தான் தங்குவார்கள். பெரியப்பாக்கள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடிக்கிறார்கள். எனக்காக எதுவும் சொல்லாதே, அவருக்காகவும் சொல்லாதே. உனக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல். கேட்கிறேன், எஸினாம்: இந்தப் பாட்டிலைத் திறக்கலாமா?

அக்கா

&nbsp;

ஹோ, 6 அக்டோபர் 1975

திற அக்கா! எனக்கு அவர் வேண்டும். இரண்டையும் திற!

எஸினாம்